வண்டியில் ‘எர்த்’: ‘மீள்வழி’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் உலோக உடலோடு சேர்க்கும் மின்னிணைப்பைப் பட்டறைகளில் ‘எர்த்’ என்கிறார்கள். அதற்குப் ‘புவியிணைப்பு’ போதும், புதுச்சொல் எதற்கு என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். வீட்டு மின்னமைப்புக்கு அது அருமையான சொல்; அங்கே கம்பி உண்மையாகவே மண்ணுக்குள் இறங்குகிறது. வண்டியோ ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. அதன் மின்சுற்றுக்கும் மண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த வேறுபாடு எனக்கு உறைத்த விதத்தைச் சொல்கிறேன்.

என் பழைய பிக்கப் வண்டிக்கு வேறு எஞ்சின் பொருத்தி, கம்பிகளையெல்லாம் புதிதாக இழுத்தேன். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் முனகி நின்றது. மறுபடி திருப்பினேன். ஆக்சிலரேட்டர் கேபிளிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. தொட்டால் விரல் சுட்டது; பிளாஸ்டிக் உறை இளகி உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இழுவைக்காக மட்டும் இருக்கும் கேபிள் அது!

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் செம்புப் பின்னல் பட்டையைப் பழைய எஞ்சினோடு கழற்றிய நான், திரும்ப மாட்ட மறந்திருந்தேன். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பேட்டரிக்குத் திரும்பியே ஆக வேண்டும். பட்டை இல்லாததால் அந்த மெலிந்த கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது.

போன மின்சாரம் மீண்டு வரும் வழி. வண்டியில் ‘எர்த்’ என்பதன் பொருள் இவ்வளவுதான். அதனால் ‘மீள்வழி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். விமான நிலைய ‘ஓடுபாதை’ போல இதுவும் வினைத்தொகை. மீண்ட, மீள்கின்ற, மீளும் வழி என்று முக்காலத்துக்கும் விரியும்.

பேட்டரியின் எதிர்முனை (நெகட்டிவ்) உடலோடு இணைவதை வைத்து வரும் ‘எதிர்முனை இணைப்பு’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. 1960களின் பிற்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருந்தது. பழைய வண்டிகளைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் நேர்மாறான பொருளைத் தந்துவிடும். அதை நம்பிக் கம்பியை மாற்றிக் கொடுத்தால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அதன் டையோடுகள் எரிந்துபோகும். ‘உடலிணைப்பு’ பரவாயில்லை. ஆனால் எங்கே இணைக்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்கிறது, எதற்காக என்பதைச் சொல்லவில்லை.

‘மீள்பார்வை’, ‘மீள்பதிவு’ என்று ‘மறுபடியும்’ என்ற பொருளில் ‘மீள்’ பரவியிருக்கிறதே, குழப்பம் வராதா என்ற கேள்வி நியாயமானது. ‘வழி’ என்ற சொல்லுக்கு முன்னால் வரும்போது அந்தக் குழப்பம் எழாது என்று நினைக்கிறேன். ‘மீளாத் துயர்’ என்று நாளும் எழுதுகிறவர்களுக்கு ‘மீள்’ என்றால் திரும்பி வருதல் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன. பின்னல் பட்டை ‘மீள்பட்டை’. அடிச்சட்டத்தில் அதைத் திருகும் இடம் ‘மீள்முனை’. பட்டறைக் குறிப்பாக ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: “ஸ்டார்ட்டர் சுழலும்போது மீள்வழியில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால், மீள்முனையில் உள்ள பெயின்டையும் துருவையும் உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டுங்கள்.” முதன்முறை படிக்கும் இளைஞருக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் உடலிலும் மறுமுனையைப் பேட்டரியில் உடலோடு இணைந்த முனையிலும் வைக்கத் தோன்றும். ‘புவியிணைப்பில் இழப்பு’ என்று எழுதினால் அவர் எங்கே தேடுவார்?

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினிக்குச் செல்லும் பல உணரிகள் (சென்சார்கள்) 0 முதல் 5 வோல்ட்டுக்குள் பேசுகின்றன. ஸ்டார்ட்டரும் விளக்குகளும் திரும்பும் வழியிலேயே அவற்றையும் விட்டால், அரை வோல்ட் பிசகுகூடக் கணினிக்குத் தவறான வெப்பநிலையைக் காட்டிவிடும். அதனால் அவற்றுக்குத் தனி மீள்வழி உண்டு. என் வரைபடத்தில் ‘தூய மீள்வழி’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள், அழித்துவிட்டு அதையே எழுதுகிறேன்.