பொருள்: பேரிடர் நிதி – பணத்துக்கு முன் விதி

மதிப்புக்குரிய சங்க உறுப்பினர்களுக்கு,

செயலாளர் கேட்டிருக்கும் நிரந்தரப் பேரிடர் நிதியை நான் எதிர்க்கவில்லை. மண்டபக் கணக்கில் எழுந்த தகராறுக்குப் பிறகு நான் எதை எழுதினாலும் முட்டுக்கட்டை என்றே சிலர் எடுத்துக்கொள்வதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தை யார், எந்த எச்சரிக்கை வந்தவுடன், எவரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்துச் செலவழிக்கலாம் என்பதே என் கேள்வி.

ஆட்டக் கோட்பாட்டை (game theory) வகுப்பறையோடு நிறுத்திக்கொள்ளும்படி நம் குழுவின் அண்ணன் ஒருவர் சென்ற மடலில் அறிவுரை கூறியிருந்தார். அடுத்தவர் என்ன செய்வார் என்று பார்த்து ஒவ்வொருவரும் முடிவெடுக்கும் இடமெல்லாம் அதன் களம்தான். உதவக்கூடியவர்களின் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவரும் பிறரை நம்பித் தயங்குவார்கள் என்றும், அதனால் ஒருவருமே முன்வராமல் போகும் வாய்ப்பு அதிகரிக்கலாம் என்றும் சமூகவியலாளர் ஆண்ட்ரியாஸ் டீக்மன் 1985-இல் கணக்கிட்டுக் காட்டினார். சென்ற வெள்ளத்தின்போது இக்குழுவில் வந்து குவிந்த அனுதாப மடல்களை எடுத்துப் பாருங்கள். முதல் பணம் யார் கையிலிருந்து போனது என்பதும், அது அவருக்கு இன்னும் திரும்பவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

விதி இல்லாத வாக்குறுதி என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1927 ஏப்ரல் 29 அன்று, நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காப்பாற்றுவதற்காக அதற்குக் கீழே கேர்னார்வன் என்ற இடத்தில் ஆற்றின் கரையை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். நிலமும் வீடும் மூழ்கவிருந்த செயின்ட் பெர்னார்ட், பிளாக்கமின்ஸ் வட்டார மக்களுக்கு முழு இழப்பீடு தருவதாக நகரப் பெரியவர்கள் உறுதியளித்திருந்தார்கள். வெள்ளம் வடிந்ததும் பெரும்பாலோருக்குச் சொற்பமே கிடைத்தது, பலருக்கு ஒன்றுமே இல்லை. ஆபத்து நீங்கிய பிறகு, வாக்குக் கொடுத்தவனுக்கு அதைக் காப்பாற்றுவதில் லாபமில்லை. அதைத் தெரிந்தவன் அடுத்த முறை தகர்க்க வருபவரைத் தடுக்கக் கரையில் துப்பாக்கியோடு நிற்பான்.

அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியே, மிசூரி மாநிலத்தின் பேர்ட்ஸ் பாயின்ட் என்ற, வெள்ளத்தைத் திருப்பிவிட ஒதுக்கப்பட்ட பகுதியில், தேவைப்படும்போது நீரை உள்ளே விடும் உரிமையை அரசு நில உரிமையாளர்களிடம் முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கி வைத்தது. 2011 மே 2 அன்று இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ நகரைக் காக்க அப்பகுதியின் ஆற்றுக்கரை தகர்க்கப்பட்டு ஏறத்தாழ 1,30,000 ஏக்கர் நீரில் மூழ்கியது. மிசூரி மாநிலம் நீதிமன்றம் சென்றது, விவசாயிகள் கொதித்தார்கள். ஆனாலும் எந்த அளவு நீர் ஏறினால் யார் முடிவெடுப்பது என்ற பேரம் கரைமேல் நின்று நடக்கவில்லை. 2018 முதல் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் கூட்டமைப்பும் குறித்த முன்னறிவிப்பு வந்தவுடன் பேரிடருக்கு முன்பே பணம் விடுவிக்கும் ஏற்பாட்டை நடத்திவருகிறது.

நம் சங்கத்தின் பெயர்ப்பலகை முதல் நிவாரண வண்டியில் இருக்க வேண்டும் என்று எழுதியவருக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு சங்கமும் தன் பெயருக்காகத் தனித்தனியே அனுப்பினால் சாலையோரத்தில் இருப்பவருக்குப் போர்வை பத்து சேரும், உள்ளே இருப்பவருக்கு மருந்துகூடச் சேராது. மற்றச் சங்கங்களோடு பகுதி பிரித்துக்கொள்வதில் நமக்கு எந்தக் குறைவும் வந்துவிடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எப்படியும் நாம் அனுப்புவோம் என்று தெரிந்தால் வடிகால் தூர்வாரும் பொறுப்புள்ளவர்கள் அதைத் தள்ளிப்போடுவார்கள். உதவ வருபவரின் இரக்கமே பெறுபவரைப் பொறுப்பற்றவராக்கும் இந்த நிலையைப் பொருளியலாளர் ஜேம்ஸ் புக்கானன் 1975-இல் சமாரியனின் இக்கட்டு என்று விவரித்தார். ஆகவே நிதியில் ஒரு பகுதி, மழைக்காலத்துக்கு முன் வேலை முடிந்ததைக் காட்டினால் மட்டுமே கிடைக்கும் என்று எழுத வேண்டும். உயிர் காக்கும் செலவுக்கு எந்த நிபந்தனையும் கூடாது.

எச்சரிக்கை அளவு, கையொப்பமிடும் இருவர், முப்பது நாளில் கணக்கு ஆகிய மூன்றையும் பொருளாளர் எழுதி வாக்கெடுப்புக்கு விடட்டும். நிறைவேறிய அன்றே என் பங்கை அனுப்பிவிடுகிறேன். அதுவரை ஒரு காசும் அனுப்புவதாக இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் தணிக்கையாளர்