மண்டபம் பூட்டியிருந்தது: இந்தியானாவில் ஹோம்மேக்கர்ஸ் கிளப், ஜனவரிக் கூட்டத்துக்குப் போகலாமா?

இந்தியானாவுக்குப் புதியவள்

அனைவருக்கும் வணக்கம். இந்தியானா மாநிலத்தின் ஒரு சிற்றூருக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. பக்கத்து வீட்டில் எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். மாதம் ஒருமுறை பகலில் கூடும் ஹோம்மேக்கர்ஸ் கிளப் என்னும் இல்லத்தரசிகள் சங்கத்துக்குச் செப்டம்பரில் அவர்தான் என்னை அழைத்துச் சென்றார். மூன்று கூட்டங்களுக்குப் போனேன். முதியோர் இல்லத்துக்காக மடிப்போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தையல் தெரியும் என்று அறிந்தவுடன் நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். வந்த நாளிலிருந்து நான் சிரித்தது அங்கேதான்.

டிசம்பர்க் கூட்டத்தில் விருந்து உண்டு என்றும், சீக்ரெட் சிஸ்டர் என்று பெயர் சொல்லாமல் பரிசு அனுப்பிவந்த தோழி யார் என்பது அன்று தெரியவரும் என்றும் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒதுக்கப்பட்டவருக்காகப் பத்து நாள் உட்கார்ந்து ஒரு மேசைத் துணியில் பூவேலை செய்தேன். பாட்டி வேறு மாநிலத்தில் உள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டதால், கணவர் வேலைக்குச் செல்லும் வழியில் என்னை மண்டபத்தில் இறக்கிவிட்டார். மண்டபம் பூட்டியிருந்தது. நாற்பது நிமிடங்கள் பனியில் நின்றேன். ஒருவரும் வரவில்லை, வர வேண்டாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவும் இல்லை.

அடுத்த கூட்டம் வரும் செவ்வாய்க்கிழமை. ஜனவரிச் சிற்றுண்டிப் பொறுப்பில் என் பெயரையும், நான் நடத்த வேண்டிய பிப்ரவரிப் பாடமாக ‘இந்தியா’ என்பதையும் ஆண்டுக் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். வேண்டாதவர்களை இப்படித்தான் இங்கே ஒதுக்குவார்களா? போகட்டுமா, உடல்நலமில்லை என்று சொல்லிவிடட்டுமா? மூன்று இரவுகளாகத் தூக்கமில்லை.

விசா விவரம் அறிந்தவன்

தங்கைக்கு வணக்கம். நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்பதைக் குறிப்பிடவில்லை. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்குத் தரும் எச்-4 என்றே எடுத்துக்கொள்கிறேன். 2015ஆம் ஆண்டு முதல் எச்-4 துணைவர்களில் ஒரு பகுதியினர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கணவரின் நிரந்தரக் குடியுரிமைக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருப்பதோ, எச்-1பியின் ஆறாண்டு வரம்பைத் தாண்டி அவருக்கு நீட்டிப்புக் கிடைத்திருப்பதோ அதற்கு அடிப்படை. அந்த அனுமதி கையில் இல்லாதவரை, செய்யும் எதற்கும் ஊதியம் பெறக் கூடாது. சங்க உறுப்பினராக இருப்பதும், முதியோர் இல்லத்துக்குப் போர்வை தைத்துக் கொடுப்பதும் வேலையாகாது. ஆனால் உங்கள் பூவேலையைப் பார்த்து ஒருவர் விலை கொடுத்து வாங்க விரும்பினால், பணம் வாங்கிக்கொள்ளாதீர்கள். நிதி திரட்டும் விற்பனைக்கு அதைச் சங்கத்திடமே நன்கொடையாகக் கொடுத்துவிடுங்கள்.

பன்னிரண்டாம் குளிர்காலம்

நீங்கள் கேட்டது கூட்டத்தைப் பற்றி. எனக்குக் கவலை தருவது உங்கள் தூக்கம். என் முதல் குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். காலை எட்டு மணி ஆகியும் விடியாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை திரையை விலக்காமலே வாழ்ந்தேன். அம்மாவை அழைக்க நினைக்கும் பிற்பகலில் ஊரில் நள்ளிரவாகியிருக்கும். யார் எதைச் சொன்னாலும் என்னைக் குறை சொல்வதாகவே பட்டது. பிறகு ஒரு மருத்துவர் வைட்டமின் டி அளவைச் சோதித்து, அது மிகக் குறைந்திருப்பதாகச் சொன்னார். நாற்பது டிகிரி அட்சரேகையை ஒட்டிய இடங்களில் குளிர்கால வெயிலுக்கு வலு போதாது. நம் நிறத் தோலுக்கு அந்த வெயிலும் கூடுதல் நேரம் வேண்டும். காலையில் அரை மணி நேரம் பத்தாயிரம் லக்ஸ் விளக்கின் அருகில் உட்காருவதும் எனக்கு உதவியது. அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள். மனம் தாங்க முடியாத நிலைக்குப் போனால், எந்த நேரமானாலும் 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணை அழைக்கலாம்.

ஒருமுறை பட்டவள்

நான் சொல்வது கசப்பாக இருக்கும். போகாதீர்கள். நான் இருந்த மாநிலத்தில் இதே போன்ற ஒரு மகளிர் குழுவுக்கு ஓராண்டு போனேன். முகம் பார்த்தால் புன்னகை. கூட்டம் முடிந்தால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்கள், என்னை அழைத்ததே இல்லை. ஐம்பது ஆண்டுகள் ஒன்றாகப் பழகியவர்களின் நடுவே நமக்கு நாற்காலி கிடைக்கும், இடம் கிடைக்காது. அருகில் உள்ள தமிழ்ச் சங்கத்தைத் தேடிச் சேர்ந்துகொள்ளுங்கள். மார்கழி பிறந்துவிட்டது; பொங்கல் விழாவுக்குக் கோலம் போடவும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கவும் அங்கே ஆள் தேவைப்படும்.

எவன்ஸ்வில் பக்கத்து அண்ணன்

ஒதுக்குதல் என்று முடிவு கட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். இந்தியானாவில் கவுண்டி என்னும் மாவட்டம் போன்ற பிரிவுகள் 92; அவற்றில் 80 கிழக்கு நேரத்திலும், வடமேற்கு, தென்மேற்கு மூலைகளில் உள்ள 12 மத்திய நேரத்திலும் இயங்குகின்றன. எல்லையில் இருப்பவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பது எங்கள் பகுதியில் அடிக்கடி நடக்கிறது. உங்கள் கவுண்டி எது?

இரண்டு மணி நேரப் பயணம்

தமிழ்ச் சங்கத்துக்குப் போகச் சொல்லும் அக்காவுக்கு ஒரு சொல். சிற்றூரில் இருப்பவர்களுக்கு அது போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். சாலையில் பனி உறைந்திருந்தால் அதுவும் இல்லை. பொங்கலுக்கு ஒருமுறை, சித்திரைக்கு ஒருமுறை பார்த்துவிட்டு, நடுவில் வரும் செவ்வாய்க்கிழமைகளை என்ன செய்வது? அங்கே போனாலும் முதல் கேள்வி கணவருக்கு எந்த நிறுவனம், இரண்டாவது கேள்வி கிரீன் கார்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான். எம்.எஸ்சி. படித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் தோன்றும் இரக்கத்தைத் தாங்குவதற்கு, மொழி புரியாத இடமே மேல் என்று தோன்றியிருக்கிறது.

ஒருமுறை பட்டவள்

அந்த இரக்கம் எனக்கும் தெரியும், தங்கையே; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உணவாவது ஒத்துவர வேண்டாமா? நான் சைவம். பாட்லக் என்று எல்லோரும் ஒரு பண்டம் கொண்டுவரும் விருந்தில், பச்சை பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டு, காய்கறி சூப்பில் கோழிச் சாறு, ஜெல்லோவிலும் மார்ஷ்மெல்லோவிலும் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், ‘பை’ என்னும் பண்டத்தின் மாவில் பன்றிக் கொழுப்பு. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு, கடைசியில் ரொட்டியும் வெண்ணெயும் மட்டும் தின்றுவிட்டு வீடு திரும்பிய நாட்களை நான் மறக்கவில்லை.

போர்வைக்காரி, பதினேழு ஆண்டு உறுப்பினர்

எல்லோரும் பட்டதைச் சொல்லியிருக்கிறீர்கள். நானும் இதே மாநிலத்தில் பட்டவள்தான். ஆனால் இந்தப் பெண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை வந்துகொண்டிருக்கிறது. ஆகவே தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி: நீங்கள் போய் நின்ற அன்று உங்கள் கவுண்டியில் பள்ளிகள் நடந்தனவா? உங்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருப்பதாக எழுதவில்லை. இல்லையென்றால் பள்ளி விடுமுறைச் செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்திருக்காது. நான் அறிந்த ஹோம்மேக்கர்ஸ் கிளப் அனைத்திலும் குளிர்காலத்துக்கு ஒரு விதி உண்டு: பனியால் பள்ளி மூடினால் கூட்டம் இல்லை. அதைத் தனியே அறிவிக்க மாட்டார்கள். ஆண்டுக் கையேட்டின் முன்பக்கத்திலோ பின்னட்டையிலோ ஒரு வரியாக அச்சிட்டிருப்பார்கள். எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். முதிய உறுப்பினர்கள் பலர் குறுஞ்செய்தி பார்ப்பதில்லை என்பதால், தொலைபேசிச் சங்கிலி ஒன்று வைத்திருப்பார்கள். தலைவர் இருவரை அழைப்பார், அவர்கள் தமக்கு அடுத்தவர்களை அழைப்பார்கள். உங்கள் பெயர் யாருக்கு அடுத்து இருக்கிறது, அல்லது இருக்கிறதா என்று தேடுங்கள்.

சேர்ந்திருக்கும் இடத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம், பல்கலைக்கழகம் கண்டறிந்த வேளாண் அறிவையும் மனையியல் அறிவையும் கிராமத்து வீடுகளுக்குக் கொண்டுசெல்ல எக்ஸ்டென்ஷன் என்னும் விரிவாக்கப் பணிக்கு நாடெங்கும் வழிவகுத்தது. இந்தியானாவில் அந்தப் பணி பர்டூ பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. 92 கவுண்டிகளிலும் அலுவலகம் இருக்கிறது. உங்கள் கிளப்பும் அந்த மரத்தின் கிளையாகத்தான் இருக்கும். ஓர் உறுப்பினர் பயிற்சிக்குப் போய்ப் பாடம் கற்றுவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே இவர்களுடைய பழைய முறை. உங்களுக்கு ‘இந்தியா’வைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், கற்பிக்கத் தக்கவர் என்று கருதியிருக்கிறார்கள். தாங்கள் ஒதுக்க நினைக்கும் ஒருவரின் பெயரை யாரும் அச்சில் ஏற்றமாட்டார்கள்.

இந்தியானாவுக்குப் புதியவள்

அக்கா, கையேட்டை இப்போதுதான் முழுவதுமாகப் படித்தேன். பின்னட்டையின் உட்புறத்தில் நீங்கள் சொன்ன வரி அப்படியே இருக்கிறது. அன்று முந்தைய இரவு ஐந்து அங்குலம் பனி பெய்திருந்தது. பள்ளிகள் மூடியிருந்தன என்பதைக் கணவர் அலுவலகத்தில் கேட்டு இப்போது சொன்னார். சங்கிலிப் பக்கத்தில் என் பெயர் அச்சில் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயருக்குக் கீழே பென்சிலால் எழுதியிருக்கிறது. அவருடைய வீட்டுத் தொலைபேசி ஒலித்திருக்கும்; எடுக்க அவர் ஊரில் இல்லை.

அண்ணன்மார்களுக்கு: எச்-4 தான், வேலை அனுமதி இல்லை, கிழக்கு நேரம்தான். பிள்ளைகள் இல்லை. கார் ஓட்ட இன்னும் கற்கவில்லை. எழுதாமல் விட்டது என் தவறு.

இன்னும் சில அச்சங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் எழுந்து நின்று கொடிக்கு உறுதிமொழி சொல்கிறார்கள். நான் சொல்ல வேண்டுமா? பெயர் அழைக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். ஜனவரிக்கு ‘என் குழந்தைப் பருவத்துக் குளிர்கால நினைவு’ என்று அச்சிட்டிருக்கிறது. எங்கள் ஊரில் ஏது பனி? சிற்றுண்டிக்கு என்ன கொண்டுபோவது?

போர்வைக்காரி, பதினேழு ஆண்டு உறுப்பினர்

உறுதிமொழி குடிமக்களுக்கு உரியது. மரியாதையாக எழுந்து நின்றால் போதும்; வாய் திறக்க வேண்டியதில்லை. சிலர் சிறு பிரார்த்தனையும் வாசிப்பார்கள், அப்போதும் அப்படியே.

பெயர் அழைக்கும் ரோல் காலுக்குப் பனி தேவையில்லை. மார்கழி விடியலில் வாசல் தெளித்து அம்மா கோலம் போட்டதையும், விரல் நுனி குளிர்ந்ததையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். நீளமாகப் பேசினால் அடுத்தவருக்கு நேரமிருக்காது. அதையே பிப்ரவரிப் பாடமாகவும் வளர்த்துவிடலாம். இந்தியா முழுவதையும் அரை மணியில் சொல்ல முயன்று நான் என் முதல் பாடத்தைக் கெடுத்திருக்கிறேன். வரைபடம், மொழிகள், திருமணம், உணவு என்று ஓடி, ஒன்றும் அவர்கள் கையில் நிற்கவில்லை. நீங்கள் ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்த தாளை ஆளுக்கொன்று கொடுத்து, ஒரு கோலத்தைப் போட வையுங்கள். போர்வைக்குச் சதுரம் சதுரமாகக் கணக்குப் போட்டுப் பழகிய கைகள் அவை; புள்ளியைப் பிடித்துக்கொள்ளும்.

சிற்றுண்டியைப் பொறுத்தவரை, உணவுப் பாதுகாப்பை விரிவாக்க அலுவலகமே கற்பிப்பதால் உறுப்பினர்கள் கவனிப்பார்கள். சூடானது 140 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாமலும் குளிர்ந்தது 40 டிகிரிக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. எனவே சாதத்தைவிட முறுக்கு, ரவை உருண்டை போன்றவை எளிது. முந்திரி, வேர்க்கடலை, பால், நெய் எது சேர்ந்திருந்தாலும் ஓர் அட்டையில் எழுதி அருகில் வையுங்கள். நீங்கள் சைவமா என்பதையும் அதே அட்டையில் எழுதிவிடுங்கள். அடுத்த மாதம் யாராவது கோழிச் சாறு இல்லாமல் சூப் வைத்து வருவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஆனால் இரண்டாம் ஆண்டில்தான் நான் வாய்திறந்து சொன்னேன்.

ஒரு டப்பா சுற்றிவரும். அதில் சில்லறைக் காசு போடுவார்கள். அது நட்புக் காசு; அசோசியேட்டட் கன்ட்ரி விமன் ஆஃப் தி வேர்ல்ட் என்னும் உலக அமைப்பின் வழியாகப் பல நாட்டுக் கிராமப் பெண்களுக்குப் போகிறது. இரண்டு நாணயம் எடுத்துப் போங்கள்.

போக்குவரத்துதான் முக்கியம். இன்றே பொருளாளரை அழைத்து, வண்டியில் இடம் இருக்குமா என்று கேளுங்கள். கையேட்டில் எண் இருக்கும். அன்று காலை பள்ளிச் செய்தியைப் பாருங்கள். கவுண்டி நிறத்தால் அறிவிக்கும் பயண நிலையையும் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனமாகப் போகலாம், ஆரஞ்சு என்றால் இன்றியமையாத பயணம் மட்டும், சிவப்பு என்றால் வெளியே கிளம்பவே கூடாது. மேசைத் துணியை மறந்துவிடாதீர்கள்.

ஒருமுறை பட்டவள்

தங்கையே, போய் வாருங்கள். என் கையேட்டின் பின்னட்டையை நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை என்பது இதைப் படிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

இந்தியானாவுக்குப் புதியவள்

பொருளாளரை அழைத்தேன். நான் பனியில் நின்றதைக் கேட்டு அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். விருந்தையே ஜனவரிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்களாம், பரிசுகளும் அன்றுதான். பதினொன்றரைக்கு அவரே வந்து என்னை ஏற்றிக்கொள்கிறார். சங்கிலியில் என் கைப்பேசி எண்ணை மையால் எழுதிவிட்டதாகச் சொன்னார். எனக்கு அடுத்த இடத்தில் 84 வயதான ஓர் அம்மையாரைச் சேர்த்திருக்கிறார்கள். பள்ளி மூடும் நாட்களில் காலை ஏழரைக்குள் நான் அவரை அழைக்க வேண்டும், அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பதால் ஒலி நிற்கும் வரை விடாமல் காத்திருக்க வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமைக்குப் பனி வரக்கூடும் என்று இன்று இரவு முன்னறிவிப்பில் சொல்கிறார்கள். ஆறு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.