புதுப்பிப்பு: பவர்பாயின்ட்ல காணாம போன மெனு கிடைச்சிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேனே, 1806 வேலூர் கோட்டை புரட்சி பாடத்துக்கு எட்டாங்கிளாஸ் பசங்களுக்காக ஸ்லைடு பண்ணினு இருந்தேன், திடீர்னு மேல பட்டன் எல்லாம் போயி வெறும் ஹோம், இன்செர்ட்னு பேரு மட்டும் நிக்குதுன்னு, அது சரியாயிடுச்சு. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

ஒண்ணும் அழியல, ரிப்பன், அதாவது மேல இருக்கிற அந்த பட்டன் பட்டை, சுருங்கி இருந்திருக்கு. கண்ட்ரோலோட எஃப்1 அழுத்தினேன், வந்துடுச்சு. ஹோம், இன்செர்ட் மாதிரி டேப் பேரு மேல ரெண்டு தடவ கிளிக் பண்ணாலும் வரும்.

படத்தோட ஓரத்த வெட்டுற கிராப் பட்டன் எங்கன்னும் கேட்டிருந்தேன். கோட்டை அகழி போட்டோ ஓரத்துல நிக்கிற பைக்க வெட்டணும், மெனு மெனுவா தேடினேன். படத்த கிளிக் பண்ணாதான் பிக்சர் ஃபார்மேட்னு ஒரு டேப்பே வருது, வெளிய கிளிக் பண்ணா உடனே மறைஞ்சிடுது. இத யாராவது முதல் நாளே சொல்லிக்குடுத்திருந்தா எவ்ளோ நேரம் மிச்சம்!

ரொம்ப படுத்தினது கீழ் மூலைல இருந்த பழைய லோகோ தான், எந்த ஸ்லைடுலயும் கைக்கு சிக்கல. காட்பாடிலேர்ந்து ஒரு அண்ணா சொன்ன மாதிரி வியூ டேப்புக்கு போயி ஸ்லைடு மாஸ்டர் (எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அச்சு மாதிரி) திறந்தேன், இடது பக்கம் உச்சில பெருசா இருக்கிற ஸ்லைடுல லோகோ உக்காந்திருந்துச்சு, அங்க ஒரு தடவ டெலீட் பண்ணதும் எல்லா ஸ்லைடுலயும் போயிடுச்சு. முடிச்சிட்டு க்ளோஸ் மாஸ்டர் வியூ அழுத்த மறக்காதீங்க, நான் மறந்துபோயி அங்கயே புரட்சி நடந்த ஜூலை 10னு தேதி டைப் பண்ணி அது எல்லா ஸ்லைடுலயும் வந்து நின்னுச்சு.