மறு: ‘தீவிரமடைதல்’ வேண்டாம், ‘நோய்ச்சீற்றம்’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கைந்நூலில் ‘exacerbation’ என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> நாட்பட்ட சுவாசத்தடை நோய் (COPD) திடீரெனக் கூடுவதற்கு ‘தீவிரமடைதல்’ என்றே விட்டுவிடலாம். எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும் அண்ணா, ஆனால் வேறொன்றாக விளங்கும். ‘அதிதீவிர சிகிச்சைப் பிரிவு’ என்ற பலகையைப் பார்த்துப் பழகிய கொழும்புச் சனத்துக்குத் தீவிரம் என்றதும் அந்தக் கதவுதான் ஞாபகம் வரும். நாங்கள் சொல்ல வந்ததோ வீட்டிலேயே தொடங்கும் சங்கதி: 14 நாள்களுக்குள் மூச்சுத்திணறலோ இருமலோ சளியோ வழமையை மிஞ்சிக் கூடுவது. சென்ற பயிற்சியில் ஒருவர், “தீவிரமென்றால் ஒட்சிசனை முழுசாகத் திறக்கிறதுதானே?” என்று கேட்டார். அவரில் பிழையில்லை, சொல் அப்படி. இந்த நோயாளிகளுக்கு இரத்தத்தில் ஒட்சிசன் செறிவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் நிறுத்தவேண்டும். அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் காபனீரொட்சைட்டு தேங்கி ஆள் மயங்கிப்போகலாம்.

நோய் முற்றிய நிலையையும் ‘தீவிரம்’ என்றுதான் மொழிபெயர்த்திருக்கிறோம். படிநிலைக்கும் அதே சொல், இதற்கும் அதே சொல் என்றால் கிராமத்துத் தாதி என்ன செய்வார்?

எனக்குப் பெரிய சிக்கல் எண்ணிக்கையில்தான். “போன வருஷம் எத்தனை தடவை தீவிரமடைந்தீர்கள்?” என்று யாராவது வாய்விட்டுக் கேட்பார்களா? ஆனால் கேட்டே ஆகவேண்டும். இந்த நோய்க்கு உலகளவில் வழிகாட்டல் வெளியிடும் ‘கோல்ட்’ (GOLD) அமைப்பின் 2023 அறிக்கைப்படி, வருஷத்தில் மாத்திரை கொடுக்கவேண்டிய அளவுக்கு 2 தடவை வந்திருந்தாலோ, ஆஸ்பத்திரியில் தங்கும்படி ஒரே ஒரு தடவை வந்திருந்தாலோ அந்த ஆள் வேறு பிரிவு, தொடங்கும் மருந்தும் வேறு. ஆகவே ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடிய பெயர்ச்சொல் வேண்டும்.

என் முன்மொழிவு ‘நோய்ச்சீற்றம்’. கடல்சீற்றம் வரும், அடங்கும். அடங்கிய பிறகு கரை கொஞ்சம் குறைந்திருக்கும். நுரையீரலுக்கும் பெரும்பாலும் அதே கதிதான். பாம்பு சீறுவதுபோல மூச்சு சீறுவதும் இந்தச் சொல்லுக்குள்ளே கேட்கிறது. (‘கிளர்ச்சி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இந்த நாட்டில் அதை அச்சடித்துக்கொண்டு ஊரூராகப் போக எனக்குத் துணிவில்லை!)

வெள்ளவத்தையிலிருந்து

—

> சீற்றம்னா கோபம்னு நினைப்பாங்க அக்கா. எங்க தோட்டத்துல ‘இழுப்பு’ன்னா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதையே வச்சுக்கலாமே?
> ஹட்டனிலிருந்து

தங்கச்சி, இழுப்பு நல்ல சொல். யாழ்ப்பாணத்து ‘முட்டு’ம் அப்படித்தான். ஆனால் இரண்டையும் ஆஸ்துமாவுக்கும் சொல்கிறோம். அப்புறம், இழுப்பே இல்லாமல் சளி மட்டும் கூடி, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி வருகிறவர் இருக்கிறார். ‘இழுப்பு வந்ததா?’ என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு விறகடுப்புக்கே திரும்பிப் போய்விடுவார். கணக்கில் ஒன்று குறையும்.

கோபம் என்று நினைப்பார்கள் என்பது சரி. ஆனால் ‘நோய்’ முன்னால் நிற்கிறதே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தபோது, அந்த மாணவர்களுக்கும் முதல் நாள் பல சொற்கள் புதுசாகத்தான் இருந்திருக்கும்.

உங்கள் பேச்சையும் விடவில்லை. கைந்நூலில் ‘நோய்ச்சீற்றம்’. நோயாளியிடம் கேட்கும் கேள்வியில் மட்டும், “வழமையைவிட மூச்சோ இருமலோ சளியோ கூடி, மருந்து மாற்றவேண்டி வந்ததா? எத்தனை தரம்?” என்று போடுகிறேன். அந்த வரியை மலையகப் பேச்சில் நீங்களே எழுதித்தாருங்கள், என் வாயில் அது சரியாக வராது.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சேர்த்து எழுதுவதா, ‘நோய்ச் சீற்றம்’ என்று பிரிப்பதா? அண்ணா, இதையாவது நீங்கள் சொல்லுங்கள்.