பிளெண்டர்ல டூல்பார் காணோம், பெவல் கோணலா வருது, போஸும் நிக்கல. மாயால இருந்து வந்த ஆளுக்கு உதவுங்க

மாயாவாசி:
வணக்கம் மக்களே. நான் கத்துக்கிட்டது முழுக்க மாயாங்கற த்ரீடி சாஃப்ட்வேர்ல தான், இப்ப வீட்டு லேப்டாப்ல அதே மாதிரி இன்னொரு சாஃப்ட்வேரான பிளெண்டர் 4.2 போட்டு உக்காந்திருக்கேன், கைப்பழக்கம் போகவே மாட்டேங்குது. நெட்ல இருந்து ஒரு ஃப்ரீ கேரக்டர் ரிக் (எலும்பு மாட்டி அசைக்கத் தயாரா இருக்கற பொம்மை) இறக்கி ஓபன் பண்ணேன், அதுல இருந்து இடது பக்க டூல்பாரே இல்ல, டி (T) அழுத்தினா வரும்னு ஒரு வீடியோல சொன்னாங்க, அழுத்து அழுத்துனு அழுத்தறேன், வரல. அப்புறம் வேற ஃபைல்ல சும்மா ஒரு பெட்டி பண்ணி பெவல் (விளிம்பை மழுக்கறது) போட்டா மேல் விளிம்பு மட்டும் கோணலா, கறுப்பா கீறல் விழுந்த மாதிரி தெரியுது. கடைசியா ஒண்ணு, இதுதான் செம கடுப்பு: போஸ் மோட்ல 1வது ஃப்ரேம்ல கீ (அந்த ஃப்ரேம்ல இருக்கற நிலையைப் பதிவு பண்றது) வெச்சிட்டு 20வதுல கையைத் தூக்கி விட்டேன், டைம்லைனை நகர்த்தினதும் கை பழைய எடத்துக்கே போயிடுது. ஐகானை க்ளிக் பண்ணியே வேலைய ஓட்டலாமா, இல்ல அத்தனை ஷார்ட்கட்டையும் மனப்பாடம் பண்ணியே ஆகணுமா?

ரிக்_ரிப்பேர்:
டூல்பார் எங்கயும் போகல ப்ரோ. பிளெண்டர்ல மவுஸ் எந்த ஏரியா மேல நிக்குதோ ஷார்ட்கட் அந்த ஏரியாவுக்குத் தான் போகும், நீங்க டைம்லைன் மேல மவுஸை வெச்சிக்கிட்டு டி அழுத்தினா வியூபோர்ட்டுக்கு (மாடல் தெரியற த்ரீடி வியூ) எப்படித் தெரியும். த்ரீடி வியூ நடுவுல மவுஸ் வெச்சு ஒரு தடவ அழுத்துங்க. அப்பவும் வரலன்னா மேல வியூ மெனுல டூல்பார்னு ஒரு டிக் இருக்கும், இல்லன்னா வியூபோர்ட்டோட இடது ஓரத்துல குட்டியா ஒரு அம்புக்குறி ஒட்டிக்கிட்டு நிக்கும், அதைத் தட்டினாலும் திறக்கும்.

ரிக் ஃபைல் திறந்ததும் காணாமப் போனதுக்குக் காரணம், பிளெண்ட் ஃபைல் தன்னோட ஸ்க்ரீன் அமைப்பையும் சேத்து சேவ் பண்ணி வெச்சிருக்கும். ரிக் பண்ணவர் டூல்பாரை மூடி வெச்சிருந்தா உங்களுக்கும் மூடித்தான் வரும். அடுத்த தடவ ஃபைல் ஓபன் விண்டோல வலது மேல இருக்கற கியர் ஐகானைத் தட்டி, லோட் யூஐ டிக்கை எடுத்துட்டுத் திறங்க, உங்க செட்டப் அப்படியே இருக்கும்.

வெர்டெக்ஸ்12:
பெவல் மேட்டருக்கு வரேன். மாயால டபிள்யூ மூவ், இ ரொட்டேட், ஆர் ஸ்கேல், சரியா? பிளெண்டர்ல ஜி தான் மூவ், ஆர் ரொட்டேட், எஸ் ஸ்கேல். எடிட் மோட்ல இ அழுத்தினா எக்ஸ்ட்ரூட், அதாவது செலக்ட் பண்ணதை வெளிய இழுத்து நீட்டறது. நீங்க ரொட்டேட் பண்ணலாம்னு பழக்கத்துல இ அழுத்தியிருப்பீங்க, ஐயோ வேற என்னமோ ஆகுதுன்னு ரைட் க்ளிக் பண்ணியிருப்பீங்க. இங்க தான் வம்பே. ரைட் க்ளிக் நகர்த்தலை மட்டும் தான் கேன்சல் பண்ணும், எக்ஸ்ட்ரூட் ஆன புது வெர்டெக்ஸ் (மூலைப் புள்ளி) எல்லாம் பழசு மேலயே கண்ணுக்குத் தெரியாம உக்காந்திருக்கும். அதுக்கு மேல பெவல் போட்டா கோணலா தானே வரும்.

ஓவர்லேஸ் டிராப்டவுன்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸை ஆன் பண்ணுங்க. ஒரு சாதா கியூப்ல 8 வெர்டெக்ஸ், மேல் ஃபேஸை மட்டும் இப்படி எக்ஸ்ட்ரூட் பண்ணி ரைட் க்ளிக் பண்ணியிருந்தா 12னு காட்டும். (என் பேர் எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.) பெவலை அண்டூ பண்ணிட்டு, ஏ அழுத்தி எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, எம் அழுத்தி பை டிஸ்டன்ஸ் (ஒரே எடத்துல இருக்கற புள்ளிகளை ஒண்ணாக்கறது) குடுங்க, எத்தனை வெர்டெக்ஸ் போச்சுன்னு கீழயே சொல்லும். இனிமே கேன்சல் பண்ணணும்னா ரைட் க்ளிக்கோட கன்ட்ரோல் இசட்டும் ஒரு தடவ அடிச்சிடுங்க.

ப்ரிஃபரன்சஸ்ல கீமேப்ல (ஷார்ட்கட் பட்டியல்) போய் இண்டஸ்ட்ரி கம்பாட்டிபிள்னு மாத்தினா டபிள்யூ, இ, ஆர் மாயா மாதிரியே வேலை செய்யும். ஆனா நான் சிபாரிசு பண்ண மாட்டேன், அப்புறம் எந்த டுடோரியல் பாத்தாலும் கீ ஒத்துப் போகாது.

கீஃப்ரேம்_கிறுக்கு:
போஸ் போறதுக்குக் காரணம் நீங்க 20வதுல கீ வைக்கல, அவ்ளோதான். டூல்பார்ல ரொட்டேட் ஐகானை எடுத்து எலும்பைத் திருப்பினா திரும்பும், ஆனா அது ரெக்கார்ட் ஆகாது. அந்த சேனல்ல (எலும்போட திருப்பல் மாதிரி கீ விழற ஒவ்வொரு அளவும் ஒரு சேனல்) 1வது ஃப்ரேம்ல கீ இருக்கறதால, ஃப்ரேம் மாறினதும் பிளெண்டர் அதைத் தான் மறுபடி படிக்கும். திருப்பி முடிச்சதும் மவுஸ் வியூபோர்ட் மேல இருக்கும்போது ஐ அழுத்துங்க. 4.1ல இருந்து ஐ அழுத்தினா மெனு வராது, நேரா கீ விழுந்துடும், பழைய மெனு வேணும்னா கே. பழைய வீடியோ பாத்துட்டு மெனு வரலயேன்னு தேடாதீங்க.

டைம்லைன் ஹெட்டர்ல ப்ளே பட்டன் பக்கத்துல ஒரு வட்டம் இருக்கும், அது ஆட்டோ கீயிங். ஆன் பண்ணா நீங்க திருப்பறது எல்லாம் தானா கீ ஆகும். சௌகரியம் தான், ஆனா அதை மறந்துட்டு கேமராவை லேசா நகர்த்தினீங்கன்னா கேமராவுக்கும் கீ விழும், ரெண்டு நாள் கழிச்சு ஷாட் ஏன் வழுக்குதுன்னு மண்டையப் பிச்சுக்கணும். ப்ரிஃபரன்சஸ்ல அனிமேஷன்ங்கற பகுதில ஒன்லி இன்சர்ட் அவைலபிள்னு இருக்கு, அதைப் போட்டா ஏற்கனவே கீ இருக்கற சேனல்ல மட்டும் தான் விழும்.

ஐகானா ஷார்ட்கட்டா, இதுல எனக்கு ஒரே கருத்து: ஜி ஆர் எஸ் மூணுக்கும் ஐகான் வேஸ்ட், மத்ததுக்கு வெக்கப்படாம ஐகானைத் தட்டுங்க. மெஷர், அனோட்டேட் எல்லாம் டூல்பார்ல இருந்து எடுக்கறது தான் ஈஸி. ஐகானோட கீழ் மூலைல சின்ன முக்கோணம் தெரிஞ்சா அதை அமுக்கிப் பிடிங்க, உள்ள இன்னும் வேற டூலும் ஒளிஞ்சிருக்கும். நைஃபுக்குள்ள பைசெக்ட், எக்ஸ்ட்ரூடுக்குள்ள எக்ஸ்ட்ரூட் மேனிஃபோல்ட். போஸ் மோட்ல பிரேக்டவுனர் இருக்கு பாருங்க, அதைப் பிடிச்சு பக்கவாட்டுல இழுத்தா முன் கீக்கும் பின் கீக்கும் நடுவுல எவ்வளவு வேணுமோ அவ்வளவுல நிறுத்தலாம், இன்பிட்வீன் (நடுவுல வர்ற போஸ்) வைக்க அதை விட சுகமான டூல் இல்ல.

மாயாவாசி:
அண்ணே எல்லாருக்கும் நன்றி, 12 தான் காட்டுச்சு! பை டிஸ்டன்ஸ் குடுத்ததும் 4 போச்சு, பெவல் சுத்தமா விழுது. டூல்பாரும் வந்துடுச்சு, மவுஸ் டைம்லைன் மேல தான் இருந்திருக்கு. ஒரே ஒரு டவுட்டு, ஆப்ஜெக்ட் மோட்ல லூப் கட் (மாடலைச் சுத்தி ஒரு வெட்டுக் கோடு போடறது) ஐகானே இல்லயே, அதுவும் மறைஞ்சிருக்கா? ஐகான் பாத்தாலும் எது எதுன்னு பேர் தெரியல.

ரிக்_ரிப்பேர்:
மறையல, மோட் மாறினா டூல்பாரும் மாறும், லூப் கட் எடிட் மோட்ல மட்டும் தான். டேப் அழுத்திப் பாருங்க. பேர் வேணும்னா டூல்பாரோட வலது ஓரத்தைப் பிடிச்சு இழுங்க, முதல்ல ரெண்டு வரிசையாகும், இன்னும் இழுத்தா ஐகான் பக்கத்துலயே பேரும் வந்துடும். லேப்டாப்ல எடம் பத்தலன்னா டூல்பாரை மூடிட்டு ஷிஃப்ட் ஸ்பேஸ் அழுத்துங்க, அதே லிஸ்ட் மவுஸ் இருக்கற எடத்துலயே ஷார்ட்கட் எழுத்தோட வரும்.

வெர்டெக்ஸ்12:
இன்னொண்ணு, பின்னாடி ஸ்கல்ப்ட் (களிமண் மாதிரி செதுக்கறது) பக்கம் போவீங்கன்னா, 4.3ல இருந்து பிரஷ் எல்லாம் டூல்பார்ல இருந்து எறங்கி கீழ இருக்கற அசெட் ஷெல்ஃப்ங்கற பட்டைக்குப் போயிடுச்சு. அப்டேட் பண்ணிட்டு வந்து மறுபடி காணோம்னு த்ரெட் போடாதீங்க 😄