மரத்தக்காளி ஜாம் போட்டவங்க யாராவது இருக்கீங்களா?

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடிச்சாச்சு. வத்தல் போட வெயில் இல்லை, கொல்லையில் மரத்தக்காளி கொத்துக்கொத்தாப் பழுத்துத் தொங்குது. ஜாம் காய்ச்சலாம்னு இருக்கேன்.

சந்தேகம் இதுதான். குறிப்புகளில் எல்லாம் 105 டிகிரி வரும்வரை காய்ச்சணும்னு இருக்கு. நம்ம ஊர் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். தண்ணியே சுமார் 94 டிகிரியில் கொதிச்சிடுது. அப்போ ஜாமை 99-லயே இறக்கிடலாமா? இல்லை, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறதுதான் நம்பகமா? தோல் கசக்கும், அதை வெந்நீரில் போட்டு உரிச்சிடுவேன். விதையையும் வடிகட்டணுமா? எனக்கு விதை கடிபட்டாத்தான் பிடிக்கும், வீட்டில் மத்தவங்களுக்கு ஆகாது.

அப்படியே இன்னொண்ணு: பேரனுக்கு 10-ம் நம்பர் ஊசியில் ஸ்வெட்டர் பின்னிட்டிருக்கேன். கழுத்துப் பட்டிக்கு அதைவிட மெல்லிசான 12-க்கு மாறினா தலை நுழையுமா? பின்னல் தெரிஞ்ச அக்காமார் சொல்லுங்க.