மறு: ரீஃபார்மிங் - தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம்.

இழையை முழுக்கப் படித்தேன். பழைய சிக்னல் ஜெனரேட்டர், வால்வு வோல்ட்மீட்டர், ஆசிலாஸ்கோப் முதலியவற்றைப் பழுதுபார்க்கும் கையேட்டுக்கான சொற்களில் ‘ரீஃபார்மிங்’ (நெடுநாள் கிடந்த மின்பகுளி மின்தேக்கிக்கு மெல்ல மெல்ல மின்னழுத்தம் கொடுத்துத் தேற்றுவது) ஒன்றுதான் இழுத்துக்கொண்டே போகிறது.

> அகராதியில் ‘சீர்திருத்தம்’ இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம். ‘மின்தேக்கிச் சீர்திருத்தம்’ என்று தலைப்பு வைத்தால் மாநாடு கூட்டப் போகிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

> ‘மின்தேக்கிப் புத்துயிரூட்டல்’ கேட்க அழகாக இருக்கிறது.

அழகுதான், ஆனால் நடக்காததை நடக்கும் என்கிறது. அலுமினிய மின்பகுளி மின்தேக்கியில் காப்பாக நிற்பது உள்ளே சுற்றியிருக்கும் காகிதம் அன்று. அது மின்பகுளியை ஏந்திக்கொண்டு, தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. காப்பு என்பது நேர்மின்வாய்த் தகட்டின் மேல் வளர்ந்த அலுமினிய ஆக்சைடு படலம். ஆலையில் மின்னழுத்தம் கொடுத்து அதை வளர்க்கிறார்கள். வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நானோமீட்டர். 450 வோல்ட் தாங்கும் மின்தேக்கியில்கூட ஒரு மைக்ரோமீட்டரை எட்டாது. கருவி ஆண்டுக்கணக்கில் பரணில் கிடந்தால் இந்தப் படலம் அங்கங்கே நலிந்துபோகிறது. எடுத்த எடுப்பில் முழு மின்னழுத்தம் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் பெருகும், உள்ளே சூடேறும், வாயு சேரும், வெடிக்கவும் கூடும். போகிற போக்கில் ரெக்டிஃபையர் வால்வையும் (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்குவது) மின்மாற்றியையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஆகவே மின்தேக்கியின் ஒரு முனையை மின்சுற்றிலிருந்து கழற்றி, சில பத்து கிலோ ஓம் மின்தடை வழியாக மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுகிறோம். மின்தடையின் இரு முனைகளுக்கிடையே அளந்தால் கசிவு தெரிந்துவிடும்: 10 கிலோ ஓமில் 10 வோல்ட் என்றால் 1 மில்லியாம்பியர். அது இறங்கிய பிறகே அடுத்த படி. இறங்க மறுத்தாலோ மின்தேக்கி சூடானாலோ மாற்றிவிட வேண்டியதுதான்.

(வேரியாக்கில், அதாவது மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்மாற்றியில், கருவியையே மெல்ல ஏற்றினால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். 5ஒய்3 மாதிரி வால்வு ரெக்டிஃபையர் உள்ள கருவியில் அதன் இழை போதிய சூடேறும் வரை நேர்மின்னழுத்தமே வராது. கீழ்ப் படிகளில் மின்தேக்கிக்கு ஒன்றும் போய்ச் சேராது. கையேட்டில் இதைத் தனிக் குறிப்பாகவே போட வேண்டும்.)

இவ்வளவு செய்தும் மீண்டு வருவது படலம் மட்டுமே. காய்ந்துபோன மின்பகுளி திரும்பாது. கசிவு குறைந்துவிட்ட மின்தேக்கியிலும் தேக்குதிறன் குறைவாகவோ உள்தடை அதிகமாகவோ இருக்கலாம், அதைத் தனியே அளக்க வேண்டும். மெழுகு பூசிய காகித மின்தேக்கிக்கோ இந்த வைத்தியமே கிடையாது. அதில் வளர்க்க ஆக்சைடு படலம் ஏது? ஈரம் ஏறிய காகிதம் கசிந்து, அடுத்த வால்வின் கிரிட்டுக்கு வேண்டாத நேர்மின்னழுத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். ‘மின்தேக்கிப் புத்துயிரூட்டல்’ என்று பெயர் வைத்தால் புதிதாகப் படிக்கிறவர் காகித மின்தேக்கியையும் மின்தடையோடு கட்டி உட்கார்ந்திருப்பார். குறுக்கிணைந்துபோன டாண்டலம் மணி மின்தேக்கிக்கும் இந்த வைத்தியம் கிடையாது.

எனவே சொல்லில் மின்தேக்கி வேண்டாம், படலம் வேண்டும். என் பரிந்துரை: ஆலையில் முதலில் செய்வது ‘படலவளர்ப்பு’, பழுதுபார்ப்பவர் பின்னால் செய்வது ‘படலமீட்பு’.

> ‘படலமூட்டல்’ என்றால் மின்னூட்டத்தோடு ஒத்துப்போகுமே?

ஒத்துப்போவதுதான் சிக்கல். மின்னூட்டமும் இதே மின்தேக்கியில்தான் நடக்கிறது. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் கண் தடுக்கும். தவிர, ஊட்டல் என்றால் வெளியிலிருந்து கொண்டுவந்து தருவது. இங்கே அலுமினியம் தகட்டிலிருந்தே வருகிறது, ஆக்சிஜனை மின்பகுளி தருகிறது. வெளியிலிருந்து வருவது மின்னழுத்தம் மட்டும். வளர்ப்பு என்பதே பொருந்தும்.

> மீட்பு என்றால் அடகு நகை நினைவுக்கு வருகிறது.

வரட்டுமே. அங்கும் தன் பொருளைத்தானே திரும்பப் பெறுகிறோம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “படலமீட்புக்குப் பிறகும் கசிவு 2 மில்லியாம்பியருக்குக் கீழே வராததால் வடிகட்டி மின்தேக்கி மாற்றப்பட்டது.” இடறவில்லை. வினையாக “படலத்தை மீட்டபின்” என்று பிரித்து எழுதலாம். பேச்சில் ரீஃபார்ம் பண்ணு என்றுதான் சொல்வோம், அதில் எனக்கு வருத்தமில்லை. கையேட்டுக்குத்தான் இந்தச் சொல்.

பதிவுக்கான வரைவு:

படலமீட்பு: நெடுநாள் பயன்படாத மின்பகுளி மின்தேக்கிக்கு மின்தடை வழியாக நேர்மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கொடுத்து, நலிந்த ஆக்சைடு படலத்தை மறுபடி வளர்த்தல். காகித மின்தேக்கிக்குப் பொருந்தாது. முடிந்ததும் மின்தடை வழியாக மின்னிறக்கம் செய்க. திருப்புளியால் முனைகளை இணைக்கற்க.

‘இணைக்கற்க’ கொஞ்சம் இலக்கண வகுப்பு போல இருக்கிறது, ‘இணைக்காதீர்கள்’ என்று மாற்றிவிடலாம். திருப்புளியா, ஸ்குரூடிரைவரா என்பதையும் யாராவது முடிவு செய்யுங்கள். வேறு ஆட்சேபம் இல்லாவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.